நமக்கு

சில நாட்களுக்கு முன்பு தாராவியிலிருந்து சித்தப்பா வாட்ஸப்பில் ஓர் ஆங்கிலக் கோப்பை அனுப்பியிருந்தார். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றிய குறிப்பு அது. கூடவே ஒரு குரல் பதிவு: "மக்ளே, இதுல நமக்கு என்ன இருக்குன்னு வாசிச்சுச் சொல்லு."

2020ஆம் ஆண்டிலும் இதே சொற்களால்தான் அவர் கேட்டார். அன்று நான் சொன்ன பதிலைப் பற்றி இதுவரை எவரிடமும் பேசியதில்லை. இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

சித்தப்பா நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காகத் தாராவிக்கு வந்தவர். இருபது ஆண்டுகள் பிறரிடம் தோல் பை தைத்த பிறகு, சொந்தமாக ஒரு கார்கானா தொடங்கினார். கார்கானா என்றால் செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப் போகும் ஒரு மாடியறை. நான்கு தையல் இயந்திரங்கள். பீகாரைச் சேர்ந்த ஆறு காரிகர்கள். பகலில் தைத்த இடத்திலேயே இரவில் உறங்குவார்கள். பை ஒன்றுக்கு இவ்வளவு என்பது கூலி. வாரந்தோறும் கைச்செலவுக்குக் 'கர்ச்சி' வாங்கிக்கொள்வார்கள். மீதி நோட்டில் ஏறும். ஈத் பண்டிகைக்கு ஊருக்குப் புறப்படும்போது 'ஹிசாப்' பார்த்து மொத்தமாகக் கைக்கு வரும்.

2020 மார்ச் 24 இரவு பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை பிறப்பித்தது. தொழிற்சாலையானாலும் கடையானாலும், மூடியிருக்கும் காலத்துக்கும் தொழிலாளர்களுக்குரிய ஊதியத்தைப் பிடித்தமின்றி உரிய நாளில் எல்லா முதலாளிகளும் வழங்கவேண்டும் என்றது அது. மார்ச் 31 அன்று மராட்டிய அரசும் அதே வழியில் தன் அரசாணையை வெளியிட்டது. மறுநாள் தாராவியில் முதல் தொற்று உறுதியானது. ஏணிக்குக் கீழே தெரு அடைக்கப்பட்டது.

நான் அப்போது செம்பூரில் வீட்டிலிருந்தபடி மொழியியல் முதுகலையின் இறுதிப் பருவத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் சட்ட ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சித்தப்பா கேட்ட அதே நாளில் மூத்த காரிகரும் அவருடைய கைபேசியிலேயே என்னிடம் பேசினார். "அபன் லோக் கா க்யா ஹோகா?" நமக்கு என்ன ஆகும்? தமிழின் 'நாம்' போலவே, மும்பை இந்தியின் 'அபன்' கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் சொல். அவருடைய கேள்விக்குள் சித்தப்பாவும் இருந்தார், நானும் இருந்தேன்.

இருவருக்கும் படித்துச் சொன்னேன். சிக்கல் உடனே தெரிந்தது. உரிய நாள் என்கிறது ஆணை. எங்கள் கார்கானாவில் உரிய நாள் பிறை பார்த்து முடிவாவது. ஊதியம் என்கிறது, பை தைக்காத மாதத்தில் பைக்கணக்குக் கூலி எவ்வளவு? ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையின் உரிமையாளரையும், காரிகர்களோடு ஒரே குக்கரில் சோறு பொங்கும் என் சித்தப்பாவையும் ஒரே சொல்லால் அது சுட்டியது. மாதுங்காவிலும் செம்பூரிலும் எங்களுக்குத் தெரிந்த அலுவலகக் குடும்பங்களுக்கு அந்த ஆணை தேவைப்படவில்லை. மாதக் கடைசியில் பகார் வங்கிக்கு வந்துவிட்டது. தேவைப்பட்ட இடத்திலோ அது பொருந்தவில்லை.

எனவே ஒரு வழி சொன்னேன். முந்தைய மூன்று மாத நோட்டைப் பார்த்து, ஒருவருக்குச் சராசரியாக மாதம் 12,000 ரூபாய் என்று கணக்கிட்டோம். சித்தப்பா தயங்கினார், பிறகு நோட்டில் தனிப்பக்கம் ஒதுக்கி 'லாக்டவுன் கூலி' என்று எழுதினார். அந்தப் பக்கத்தின் படத்தை எனக்கும் அனுப்பினார்.

அவருடைய நிலையையும் சொல்லவேண்டும். ஏற்றுமதி நின்றது, பைகளை வாங்கிச் சென்ற கடைக்காரர்கள் பழைய பாக்கியைக்கூடத் தரவில்லை. பிரிட்டனில் வேலையின்றி இருந்தவர்களின் ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு என்ற வரம்புக்குள், அரசே ஏற்றது. இங்கே ஆணை மட்டும் வந்தது, பணம் வரவில்லை. மே மாதம் அறிவிக்கப்பட்ட 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டமும், ஏற்கெனவே வங்கிக் கடன் நிலுவை வைத்திருந்தவர்களுக்கானது. சித்தப்பாவின் கடன்கள் சீட்டிலும் சொந்தத்திலும் இருந்தன.

இதற்கிடையே ஏப்ரல் 30 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, உணவுப்படி, போக்குவரத்துப்படி நீங்கலாக மாத ஊதியத்தை வழங்கவேண்டும் என்று சில நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதையும் சித்தப்பாவிடம் படித்துச் சொன்னேன். ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது.

மே 17 அன்று உள்துறை அமைச்சகத்தின் புதிய ஆணை வந்தது. அதன் இணைப்பில் கண்டவை தவிர்த்த முந்தைய ஆணைகள் மே 18 முதல் செயலற்றுப்போகும் என்றது. இணைப்பைத் தேடினேன், ஊதிய ஆணை அதில் இல்லை. ஒரு நாட்டின் கூலிக்காரர்களுக்குத் தந்த வாக்கு, திரும்பப் பெறுகிறோம் என்ற ஒரு வரிகூட இல்லாமல் மறைந்தது.

அன்றிரவு சித்தப்பாவிடம், "இனிமேல் கட்டாயமில்லை" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் 'இனிமேல்' என்ற சொல்லை நான் விளக்கவில்லை. மார்ச் 29 முதல் மே 17 வரையிலான 50 நாட்களின் கூலி ரத்தாகிவிட்டது என்று அந்த ஆணை எங்கும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. தலைக்கு 20,000, ஆறு பேருக்கு 1,20,000 ரூபாய். சித்தப்பாவின் குரலில் அன்று வந்த ஆறுதலைக் கெடுக்க மனம் வரவில்லை. காரிகர்களிடம் நான் பேசவே இல்லை. எந்த ஏட்டுச் செய்தியும் அந்த மாடியறைக்குள் ஏறிப் போகாது என்பதும் எனக்குத் தெரியும்.

மே 25 ஈத். அதற்கு முன்பு ஹிசாப் பார்த்தார்கள். பழைய மீதியைச் சித்தப்பா ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தார். வழிச்செலவுக்கு ஆளுக்கு 2,000 சேர்த்தும் கொடுத்தார். 'லாக்டவுன் கூலி' பக்கத்தின் குறுக்கே கோடு விழுந்தது. காரணம் கேட்டவர்களிடம், "சட்டம் மாறிப்போச்சு, எங்க பொண்ணு படிச்சுச் சொன்னா" என்றாராம். அதற்குப்பின் எவரும் எதுவும் கேட்கவில்லையாம். மாத இறுதியில் சிறப்பு ரயிலில் அனைவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளிகள்மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது. கூடவே, அந்த 50 நாள் கூலியை இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது. தொழிலுக்குத் தொழிலாளியும் தொழிலாளிக்குத் தொழிலும் தேவை என்றும் நினைவூட்டியது. பேசுவதற்கு எங்கள் கார்கானாவில் அப்போது ஒரு தரப்புதான் இருந்தது. மூத்த காரிகர் மறு ஆண்டு தாராவிக்குத் திரும்பினார், வேறொரு கார்கானாவுக்கு.

பணம் தராத அரசை, தெளிவில்லாத ஆணையை, பாக்கி வைத்த கடைக்காரர்களை நான் நெடுங்காலம் குற்றம் சொல்லிவந்திருக்கிறேன். அவை யாவும் உண்மைதான். ஆனால் 1,20,000 ரூபாயைச் சித்தப்பாவால் அன்று கொடுத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. பாதியாவது பேசியிருக்கலாம், தவணையாவது கேட்டிருக்கலாம். பேசுவதற்கு முதலில் இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். இருவரும் கேட்ட கேள்விக்கு ஒருவருக்கு மட்டும் பதில் சொன்னவள் நான்.

இப்போது வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் உரிய நாள் தெளிவாக இருக்கிறது. வாரக்கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலைநாள். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் ஏழு நாட்களுக்குள். கர்ச்சியும் ஹிசாபுமாக ஓடும் கார்கானாக்களுக்கு இது சிறிய மாற்றமில்லை.

சித்தப்பாவுக்குப் பதில் அனுப்பினேன்: "ஞாயிற்றுக்கிழமை நேரில் வாறேன் சித்தப்பா. காரிகர்களும் இருக்கட்டும். தமிழ்லயும் இந்திலயும் வாசிக்கேன். அந்தப் பழைய நோட்டையும் எடுத்து வைங்க."

இரண்டு நீலக்கோடுகள் விழுந்தன. ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலையில் ஒரு வரி வந்தது: "நோட்டு இருக்கு. வா."