ஒரே சாயலில் இரு கிருமிகள்

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போனால் கரடியனாறு வரும். ஏறாவூரில் குடியிருக்கும் எங்களுக்கு அங்கேதான் வயல். பெரும்போக மழை தொடங்கிவிட்டால் சாச்சாவுக்கு வீடு தங்காது. வெறுங்காலுடன் சேற்றில் நிற்பார். சீனி வருத்தக்காரர் வேறு; காலில் எப்போதும் ஒரு கீறல் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாளாகியும் விடவில்லை. முதலில் சளி என்றார்கள். பிறகு காசமாக இருக்குமோ என்றார்கள். இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்த்த ரிப்போர்ட் ‘சூடோமொனாஸ் வகை, வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம்’ என்றது. ஏற்றிய ஜென்டாமைசின் ஊசியோ ஒரு பலனும் தரவில்லை. வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கிருந்த நுண்ணுயிரியல் டொக்டர் கேட்ட முதற் கேள்வி: “இவருக்கு வயல் இருக்கிறதா?”

நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். ஈர மண்ணிலும் நீரிலும் வாழும் பேர்கோல்டேரியா சூடோமாலை என்ற பற்றீரியாவால் வருவது. சாயம் தோய்த்துப் பார்த்தால் இரு முனையும் கறுத்து நடு வெளுத்து, நாம் முக்காட்டுக்குக் குத்தும் ஊக்குப் போல் தெரியும். வேறு சில கிருமிகளும் அப்படித் தெரிவதுதான் தொல்லை.

கண்டுபிடித்த நாளிலேயே இந்தக் குழப்பம் இருந்தது. 1911இல் ரங்கூனில் விட்மோரும் அவருடன் பணிபுரிந்த கிருஷ்ணசுவாமியும் பிரேதங்களில் இதைக் கண்டபோது, குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியை ஒத்திருந்தது. ஆனால் அது அசையாது, இது நீந்தியது. அந்த ஒரு வித்தியாசத்தை அவர்கள் அலட்சியம் செய்யவில்லை.

இன்றும் பெரிய இயந்திரம் தேவையில்லை. முதலில் ஒட்சிடேஸ் சோதனை. பிறகு கிருமி பூசிய தட்டில் மருந்து தோய்ந்த மூன்று சிறு வட்டத் தாள்கள். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அஞ்சாமல் நெருங்கி வளர்ந்து, கோ-அமொக்ஸிகிளாவ் தாளைக் கண்டு மட்டும் விலகி நின்றால் சந்தேகம் உறுதியாகிறது. சாதாரண சூடோமொனாஸ் அநேகமாக இதற்கு நேர்மாறு. ஆனால் மலேசியாவின் சரவாக்கில் ஜென்டாமைசினுக்கு அடங்கும் வகையும் உண்டு. ஆகவே தாளை மட்டும் நம்பிவிடவும் முடியாது. பணம் கொட்டி வாங்கும் தானியங்கி இயந்திரங்களே சிலவேளை இதன் உறவுக் கிருமி ஒன்றின் பெயரை அச்சிட்டுத் தருகின்றனவாம்!

மண்ணில் இன்னோர் உறவும் இருக்கிறது. பேர்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்று 1998இல் தனிப் பெயர் பெற்ற அது, அரபினோஸ் என்ற சீனியைத் தின்னும். மனிதரை அநேகமாகத் தீண்டாது. நோய் தரும் கிருமி அந்தச் சீனியைத் தின்பதில்லை. இப்போது மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பீசீஆர் சோதனையால் இன்னும் திட்டமாகப் பிரிக்கிறார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 1989இல் வெளியான தாய்லாந்து ஆய்வில், கடுமையாக நோயுற்றவர்களுக்கு செஃப்டசிடைம் கொடுத்தபோது இறப்பு 74 வீதத்திலிருந்து 37 வீதமாகக் குறைந்தது. சரியான பெயர் தெரிந்தால்தான் அந்த மருந்து கைக்கு வரும். சாச்சாவுக்கும் அதுவே ஏறியது. பின்னர் மாதக் கணக்கில் குளிசை.

இலங்கையில் இந்நோய் 1927இலேயே ஒரு தேயிலைத் தரகரிடம் பதிவானது. பின்னர் பல்லாண்டுகள் அரிது என்றே எண்ணியிருந்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் இனோகா கொரியாவும் சகாக்களும் தேடத் தொடங்கிய பின், 2006 முதல் 2017 மே வரை 250 பேர் தெரியவந்தனர். நோய் புதிதாக வந்ததென்று நான் நினைக்கவில்லை. ஆய்வுகூடங்கள் பார்க்கக் கற்றுக்கொண்டன.

ஆனால் கிருமி வளர இரண்டு நாளாவது வேண்டும். கடுமையான நோயாளிக்கு அந்த அவகாசம் சிலவேளை கிடைப்பதில்லை. ஆய்வுகூடத்தில் இருப்பவர் காண்பது ஒரு குப்பி இரத்தத்தை மட்டுமே. சேற்றுக் காலை அல்ல. உங்கள் வீட்டு வயற்காரர் மழைக்காலக் காய்ச்சலோடு போனால், ‘வயல் வேலை, சீனி வருத்தம்’ என்று துண்டில் எழுதும்படி டொக்டரிடம் கேளுங்கள். அந்தத் தட்டை ஓரிரு நாள் கூடுதலாக வைத்துப் பார்ப்பார்கள்.