மட்டத்தின் மறுமுனை

சங்கரன்கோவிலுக்கு நான் போனது விசைத்தறிச் சேலைக்காக. தறிக்கூடம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி எனக்குக் கணக்குச் சொல்லிச் சலித்துப்போய், டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். “சேலையப் பத்தி எழுத ஆயிரம் பேர் வருதாவ வே. ஒரு கொத்தனாரு தனக்குன்னு வீடு கட்டி நீரு பாத்திருக்கீரா? நானும் பாத்ததில்ல. இப்ப ஒருத்தரு கட்டுதாரு. புருசனும் பொண்டாட்டியுமா, ரெண்டே பேரு. போயிப் பாரும்” என்றார். சேலைக் கட்டுரை அப்படியே நிற்கிறது.

கழுகுமலைச் சாலையில் கிழக்கே போகப் போகச் செம்மண் விட்டுக் கரிசல் தொடங்கிவிடுகிறது. காற்றாலைகள், உழுதுபோட்ட கருப்பு நிலம், இடையிடையே பனை. சாலையிலிருந்து பிரியும் தடத்தில் ஒரு சிற்றூர். பெயர் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சி, மதினி என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

புரட்டாசி பாதி ஆகியிருந்தது. சுவர் ஜன்னல் உயரம் தாண்டி லிண்டலுக்குக் காத்திருந்தது. ஒட்டினாற்போல் பழைய குச்சில். பனையோலைக்கு மேல் நீலத் தார்ப்பாய், அதன் மேல் காற்றுக்குப் பாரமாகச் செங்கற்கள். அந்தக் கற்களையும் கணக்கில் சேர்த்திருப்பதாக அண்ணாச்சி சொன்னார். கடைசி வரிக்கு அவை இறங்கிவிடுமாம்.

அவசரம் மழைக்கு. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். சங்கரன்கோவிலில் ஆடித்தபசு முடிந்து, ஆவணியில் வாஸ்து நாள் பார்த்து வானம் தோண்டினால், ஐப்பசி அடைமழைக்குள் கூரை ஏறியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கிவிடும். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் இந்தப் பக்கம் வருவது வெறும் காற்று; இவர்கள் பார்க்கிற மழை ஐப்பசி, கார்த்திகை மழைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. இங்கே அவ்வளவு இல்லை. பெய்தது குச்சிலின் வடக்குச் சுவருக்குப் போதுமானதாக இருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் படுக்கவைத்துவிட்டு வந்து, கரைந்த மண்ணை முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தபோதுதான் வீடு என்ற பேச்சே எழுந்ததாம். அதுவரை ஊராருக்குக் கட்டுவதிலேயே காலம் போய்விட்டது.

கரிசல் வீடு கட்ட ஏற்ற மண் இல்லை. மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது அதில் அதிகம். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். கடைக்கால் மேலோட்டமாக நின்றால் முதல் ஐப்பசியிலேயே ஜன்னல் மூலையிலிருந்து கீறல் இறங்கத் தொடங்கிவிடும். “கருப்பு முடிஞ்சி சுக்கான் தட்டுத வரைக்கும் போவணும் சார். பாதியில நின்னா மண்ணு வீட்டத் தூக்கி இறக்கி விளையாடும்” என்றார் அண்ணாச்சி. ஜேசிபி வாடகை கட்டுப்படியாகவில்லை. இருவருமே மண்வெட்டியால் நெஞ்சளவு தோண்டியிருக்கிறார்கள். அடியில் மணல், சரளை, மேலே கருங்கல், அதற்கும் மேல் வீட்டைச் சுற்றிக் கம்பி வைத்த காங்கிரீட் பெல்ட். பெல்ட்டுக்கு எத்தனை எம்எம் கம்பி, எத்தனை இஞ்சுக்கு ஒரு ரிங் என்றெல்லாம் விளக்கினார். தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

என் கண் ஒரு பிளாஸ்டிக் டியூப் மேல் இருந்தது. சுண்டுவிரல் கனம், கண்ணாடி நிறம், நாற்பதடி நீளம், உள்ளே தண்ணீர். ரசமட்டக் கட்டை இரண்டு அடி சுவருக்குத்தான் சாட்சி சொல்லும். முழு வீட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர இந்த டியூப்தான் வேண்டும். எங்கே கொண்டுபோய்ப் பிடித்தாலும் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்பதைத் தவிர இதில் வேறு சூட்சுமம் இல்லை. ஒற்றை ஆளால் மட்டும் இதைப் பிடிக்க முடியாது. நடக்கும்போது இருவரும் கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொள்ள வேண்டும். நின்றதும் இருவரும் சேர்ந்து விரலை எடுக்க வேண்டும். ஒருவர் முந்தினால் தண்ணீர் சிந்திவிடும்.

லிண்டல் மட்டம் எடுக்கும்போது பார்த்தேன். அண்ணாச்சி மேற்கு மூலையில், மதினி கிழக்கு மூலையில். நடுவில் அறைச் சுவர், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

“நின்னுட்டா?”

“ஆடுது... பொறுங்க.”

“இப்ப?”

“நின்னுட்டு. ஆனா கோடு போட மாட்டேன். டியூப்புல எங்கயோ காத்து நிக்கி.”

மேற்கே முனகல். டியூப்பைத் தடவிக்கொண்டே வந்தார் அண்ணாச்சி. வாசற்படி மடிப்பில், மிளகு அளவு ஒரு குமிழி. சுண்டிச் சுண்டி அதை முனைக்கு ஏற்றி வெளியே விட்டார். மறுபடி பிடித்ததும் மதினி பென்சிலால் சிறு கோடு இழுத்தார். பிறகு காவிப்பொடி தடவிய நூலைக் கோட்டுக்குக் கோடு இழுத்துப் பிடித்துச் சுண்டினார்கள். சுவர் நெடுக ஒரே சிவப்பு வரி.

குமிழி இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “எம் பக்கம் தண்ணி, கல்லு வரிக்கு அரை இஞ்சு மேல நின்னுச்சு தம்பி. வரி தப்பாது. நாங்கட்டுன வரி” என்றார்.

அப்போதுதான் கிழக்குச் சுவர் மதினி கட்டியது என்று தெரிந்தது. மதினியின் பிறந்த வீட்டில் பீடி சுற்றினார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் சித்தாள் வேலை. சும்மாடு கட்டிச் சாந்துச்சட்டி சுமப்பது, செங்கல் எடுத்துக் கொடுப்பது, கலவை போடுவது, மட்டம் பிடிக்கும்போது டியூப்பின் மறுமுனை. பதினெட்டு வருடம். கொத்தனாருக்கு ஆயிரம் ரூபாய் கூலி என்றால் சித்தாளுக்கு அதில் பாதி. திருவனந்தபுரத்தில் வேலை பார்த்த காலத்தில், ஆண்கள் சாப்பிடப் போன நேரம் கரண்டியை எடுத்து ஒரு வரி கட்டிவிட்டாராம். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, சட்டி பிடிக்கிற கை கரண்டி பிடித்தால் கட்டடம் நிற்குமா என்று கேட்டு, அந்த வரியைத் தட்டிவிடச் சொன்னார். “தட்டுனீங்களா?” என்றேன். “அவரு பாக்கும்போது ரெண்டு கல்லத் தட்டுனேன்.”

சொந்த வீட்டில் அண்ணாச்சி முதலில் அவரிடம் கொடுத்தது தோட்டத்துப் பக்கச் சுவர், ஒன்பது இஞ்சு கட்டு. பிறகு கிழக்கு. ஆய்வுக்கு வந்த ஓவர்சியரிடம், “சார், இதுல எது நாங்கட்டுனது, எது வீட்டுல கட்டுனது, சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டிருக்கிறார். ஓவர்சியர் மாற்றிச் சொல்லியிருக்கிறார். இதை அண்ணாச்சி என்னிடம் வெவ்வேறு இடங்களில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா கழிப்பறைகள் கட்டப் பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கி ‘ராணி மிஸ்திரி’ என்று பெயரும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் வந்தது. மதினியிடம் அதன் அட்டை இருக்கிறது. அதில் அவர் சித்தாள்.

பணக் கணக்குக்கு வருகிறேன், அதைச் சொல்லாமல் விட முடியாது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வருகிறது இந்த வீடு. 2030க்குள் 8 லட்சம் வீடுகள், முதல் ஆண்டில் 1 லட்சம், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி என்பது திட்டம். வகுத்துப் பாருங்கள், சதுர அடிக்கு 972 ரூபாய். வெளியே ஒப்பந்தக்காரர்கள் இரண்டாயிரத்துக்குக் குறைந்து பேச்சையே தொடங்குவதில்லை. அந்த வித்தியாசத்தை யார் போடுகிறார்கள்? இங்கே இரண்டு பேர் உடம்பு போடுகிறது. உடம்பு இல்லாதவர்கள், வேலை தெரியாதவர்கள் வீட்டு வாசலில் தரகர் வந்து நிற்கிறார். “பாஸ்புக்கக் குடுங்க, சாவியத் தாரேன்.” பயனாளி தானே கட்டிக்கொள்ளும் வீடு என்று காகிதத்தில் இருக்கும், கட்டுபவர் அவர். 972 ரூபாய்க்குள் அவருக்கும் லாபம் வேண்டுமே? கடைக்கால் ஒரு அடி ஏறும், கலவையில் சிமெண்ட் இறங்கும், பெல்ட் காணாமலே போகும். பூசி வெள்ளையடித்துப் படம் எடுத்தால் எல்லா வீடும் ஒன்றுதான். கரிசல் இரண்டாம் மழையில் உண்மையைச் சொல்லும்; அப்போது தரகர் அடுத்த பஞ்சாயத்தில் இருப்பார். தானே கட்டுகிறவர்களையும் இந்த ஏற்பாடு சும்மா விடுவதில்லை. கட்டி முடித்த நிலைக்குத்தான் தவணை வரும். அதுவரை செங்கல்லும் எம் சாண்டும் கடனுக்கு. கடன் என்றால் செங்கல்லுக்கு ஒரு விலை, கையில் காசு என்றால் ஒரு விலை. குழுக் கடன் வாரத் தவணை கேட்டு வருகிற பெண்ணுக்கு லிண்டல் முடிந்ததா என்பதெல்லாம் கவலை இல்லை. வீடு கட்டும் ஏழையை நம்பிப் பிழைக்கும் கூட்டம் வீடு கட்டுகிற கூட்டத்தைவிடப் பெரிது.

செங்கல் செலவைக் குறைக்க அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். திருவனந்தபுரம் உள்ளூரில் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் பக்கத்தில் வேலை பார்த்தபோது, செங்கல்லைக் குத்துக்கட்டாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டைப் பார்த்துப் பழகியவர். கிட்டத்தட்டக் கால்வாசிக் கல் மிச்சமாகும். உள்சுவரை அப்படித்தான் கட்டியிருக்கிறார். ஊரில் பார்க்க வருகிறவர்கள் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள ஒண்ணும் இல்லியே” என்று கவலையோடு போகிறார்களாம்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை, ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்து அடிப்பகுதி முடியாமல் நின்றுபோனது. “பாக்காம? மேல சிலையெல்லாம் முடிச்சிட்டான், பேஸ்மட்டத்துல நின்னுட்டு. தவணை வந்திருக்காது” என்றார்.

தளம் போட்ட நாளில் மறுபடியும் போனேன். தெரிந்த கொத்தனார்கள் ஏழெட்டுப் பேர் கூலி இல்லாமல் வந்திருந்தார்கள். அவர்கள் வீடுகளுக்கு அண்ணாச்சி போன கணக்கு அது. கலவை மெஷின் வாடகை, டீசல், மதியச் சாப்பாடு மட்டும் செலவு. மழைக்குப் பயந்து ஓடியவர்களை அன்றைக்குக் காற்று பிடித்துக்கொண்டது. ஈரம் மேலே மேலே காய்ந்தால் தளத்தில் மயிரிழை வெடிப்பு விழும். கொட்டி மட்டப்பலகை இழுத்து முடித்த இடத்தில் உடனுக்குடன் நனைத்த சாக்கு விரித்துக்கொண்டே வந்தார் மதினி; காற்று அதைப் பறக்கவிடாமல் ஓரத்தில் கல். மறுநாள் காலையிலேயே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியாயிற்று. தகடு வாடகை நாள் கணக்கில் ஏறும், ஆனாலும் பதினாலு நாளுக்கு முன்னால் முட்டைக் கழற்றுவதில்லை என்றார்கள்.

முட்டு கழற்றும் முன்பே முதல் மழை வந்துவிட்டது. தளத்துக்கு நல்லது, ஒரு வாரத் தண்ணீர்க் கூலி மிச்சம். குச்சிலில் இருந்த பாத்திரங்கள் சவுக்குக் கம்புகளுக்கு நடுவே குடியேறியிருந்தன. பூச்சு இல்லை, கதவுக்குத் தகரம், வயரிங் தை பிறந்த பிறகு. பால் காய்ச்ச நாள் பார்க்கவில்லை; அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நான் போயிருந்தபோது எதிர் வீட்டுக்காரர் வந்தார். அவருக்குக் கழிப்பறைச் சுவர் கட்ட வேண்டும், அண்ணாச்சிக்கு வேறு வேலை இருந்தால் மதினியே வரட்டும் என்றார். மதினி ஆயிரம் கேட்டார், கூட ஒரு கையாள் வேண்டும் என்றும் சொன்னார். அவர் எழுநூறில் தொடங்கி எண்ணூறுக்கு வந்தார். அண்ணாச்சி தலையிடாமல் டியூப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “யோசிச்சிச் சொல்லுங்க மாமா, நாளைக்கு நான் இங்கன பூச்சு வேல பாக்கேன்” என்று மதினி சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.