"மேட்" என்னும் ஒரு சொல்

ஸிட்னி நகரத்தில் தனி ஆளாக டாக்ஸியில் ஏறுகிறவர், டிரைவருக்குப் பக்கத்தில் முன் ஆசனத்தில் உட்காருவதுதான் பழைய சம்பிரதாயம். இப்போது அது தளர்ந்து வருகிறது. ஆயினும் "எங்கே போகவேண்டும், மேட்?" என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. "ஸார்" என்றும் "எஜமான்" என்றும் கேட்டுப் பழகிய நமக்குச் சற்றுத் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும்.

இவ்வார்த்தையின் பூர்வோத்தரம் சுவையானது. ஆங்கிலத்தில் "மீட்" என்பது முற்காலத்தில் பொதுவாக உணவைக் குறித்தது. அந்த உணவைக் கூடிப் பகிர்ந்து உண்பவனே "மேட்". (சதுரங்கத்தில் அரசனை மடக்கும் "மேட்" வேறு குலம், அது பாரசீகத்திலிருந்து வந்தது.)

ஆஸ்திரேலியாவில் இதன் பொருள் குரலைப் பொறுத்தது. இழுத்துச் சொன்னால் அநுதாபம். பெயர் மறந்துபோன நண்பரிடம் சொன்னால் மானம் காக்கும் உபாயம். "இதோ பார், மேட்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லப்படுமானால், நேயர்கள் இரண்டடி பின்வாங்குவது நலம்!

கான்பெராவில் குன்றின்மேல், புல்தரையே கூரையாக அமைந்த பார்லிமெண்டுக் கட்டிடம் 1988-இல் திறக்கப்பட்டது. அங்குள்ள காவலர்கள் வருவோரை "மேட்" என்று அழைக்கலாகாது என 2005-ஆம் வருஷம் ஆகஸ்டில் ஓர் உத்தரவு பிறந்தது. தேசமே நகைத்தது, பிரதம மந்திரி ஜான் ஹோவர்டும் ஆக்ஷேபித்தார். உத்தரவு ஓரிரு நாளில் மறைந்தது. 1999-இல் இதே ஹோவர்டு, "மேட்ஷிப்" என்னும் தோழமையை அரசியல் சாசனத்தின் முகவுரையில் சேர்க்க விரும்பினார். எதிர்ப்பினால் அச்சொல் நீக்கப்பட்டது. பிறகு அந்த முகவுரையையே ஜனங்கள் வோட்டளித்து நிராகரித்தார்கள். உத்தரவு போட்டு நிறுத்தவும் முடியவில்லை. சட்டத்தில் ஏற்றி வைக்கவும் முடியவில்லை.

ஆனால் இந்தச் சமத்துவத்தின் பந்தி எல்லோருக்கும் விரிக்கப்படவில்லை என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஸ்திரீகள் வெகுகாலம் அதற்குப் புறம்பாகவே இருந்தனர். மண்ணின் மைந்தரான ஆதிகுடிகளோ சொந்த நாட்டிலேயே அந்நியராக நடத்தப்பட்டனர். 1901-இல் இயற்றிய குடியேற்றச் சட்டம், இந்தியர் முதலிய ஆசியருக்குக் கதவைச் சாத்தியது. வெள்ளையர் மட்டுமே என்ற அந்தக் கொள்கை முற்றிலும் ஒழிய 1973 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று மெல்போர்னில் டாக்ஸி ஓட்டுவோரில் பஞ்சாபியர் ஏராளம். வண்டியில் ஏறியதும் "எங்கே, மேட்?" என்று அவர்களும் கேட்கிறார்கள், உச்சரிப்பில் மட்டும் கொஞ்சம் லூதியானா வாடை வீசுகிறது.