அதே ஏரிக்கு மறுபடியும்

குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எனக்குப் பாடப்புத்தகத்துக்கு அடுத்தபடியாகக் கைகொடுப்பது பெருமாள் ஏரி. ஒரே வகுப்பை ஒரே கல்வியாண்டில் திரும்பத் திரும்ப அங்கே கூட்டிப்போகிறேன்: ஆடிக் காற்றடிக்கும்போது, மழை ஓய்ந்த தை மாதத்தில், வெயில் ஏறத் தொடங்கும் பங்குனியில். “போன எடத்துக்கே ஏன் சார் போறோம்? வேற எங்கியாச்சும் கூட்டிட்டுப் போங்க” என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோர் சிலரும் கேட்பதுண்டு. முதல்முறை போகும்போது ஏரி இருக்கிறது, அவ்வளவுதான். மறுமுறை போகும்போது அது மாறியிருக்கிறது. மாறியது கண்ணில் பட்டதும் ‘ஏன்’ என்ற கேள்வி தானாக வருகிறது. நான் நம்பும் களப்பயணம் இதுதான்.

முதல் பயணத்தில் கைகளுக்கு வேலை கொடுப்பதே முக்கியம். வகுப்பு மொத்தமும் ஒன்றையே பார்க்க நின்றால் முன்வரிசையில் நாலு பேர் பார்ப்பார்கள். மற்றவர்கள் அந்த நாலு பேரின் முதுகைப் பார்ப்பார்கள். அதனால் இருவர் இருவராகப் பிரித்து ஆளுக்கொரு வேலை. ஒரு ஜோடி மதகின் மேடையில் நின்று கயிற்றில் கல் கட்டி ஆழம் அளக்கும். இன்னொன்று புட்டியில் நீர் பிடித்து வெப்பமானியும், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் வைத்துக் குறிக்கும். வேறொரு ஜோடி பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து நீர்க்காகம், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை என்று எண்ணும். பெயர் தெரியாத பறவையைப் படமாக வரைந்தால் போதும்.

ஆழம் அளக்கும் கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு அடையாளம் வேண்டும். மையால் போட்ட கோடு நனைந்ததும் அழிந்துவிடும். குறிஞ்சிப்பாடி கைத்தறி லுங்கிக்குப் பேர்போன ஊர். தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி வீட்டிலிருந்து சாயநூல் கொண்டுவந்து, அரை மீட்டருக்குச் சிவப்பும் முழு மீட்டருக்குப் பச்சையுமாக முடிந்து தந்தாள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பிள்ளை அவள். அன்று முதல் அளவுக் கயிறு அவள் பொறுப்பு. கையால் செய்யும் பாடத்தில் யாருக்கு என்ன தெரியும் என்ற வரிசை இப்படித்தான் மாறுகிறது. மதகைத் திறந்து மூடுகிறவரும், வலை வீசுகிறவரும், போர் போடுகிறவரும் எங்கள் வகுப்புக்கு ஆசிரியர்களாகிறார்கள்.

ஏரிக்கரையில் நான் அதிகம் பேசுவதில்லை. வகுப்பறையிலேயே சொல்லக்கூடியதைச் சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிள்ளைகளிடமிருந்து கேள்வி வரக் காத்திருப்பதே அங்கே என் வேலை. ஆடியில் போகும்போது அநேகமாக ஒவ்வொரு ஆண்டும் வரும் கேள்வி ஒன்று உண்டு: “மழைக்கு இன்னும் மாசக்கணக்குல கெடக்கு. இந்தத் தண்ணி எங்கேர்ந்து சார் வருது?” அதற்கு நான் பதில் சொல்வதில்லை. பள்ளிக்குத் திரும்பியதும் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்துவிடுவேன். சில நாளில் யாராவது வீட்டில் கேட்டு வருவார்கள்: “சுரங்கத்துத் தண்ணி சார்.”

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்ற அளவில் அது மேல்நோக்கி அழுத்துகிறது. அதாவது 60 முதல் 80 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். மேல்மண்ணை அகற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நீர் படுகையைப் பிளந்துகொண்டு சுரங்கத்துக்குள் வந்துவிடும். அதனால் இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அந்த நீரில் ஒரு பகுதிதான் பரவனாற்று வழியாக எங்கள் ஏரிக்கு வருகிறது.

இதைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து பார்ப்பது எளிது. ஒரு வாளியின் அடியில் மணல். அதன்மேல் பிசைந்த களிமண்ணை இடைவெளியில்லாமல் அப்ப வேண்டும். மேசைமேல் உயரத்தில் ஒரு கேன் தண்ணீர், அதிலிருந்து வாளியின் மணலுக்கு ஒரு குழாய். பிள்ளைகள் கரண்டியால் களிமண்ணைச் சுரண்டுவார்கள். மெலிந்த இடம் உப்பும், கசியும், பிறகு குபுக்கென்று நீர் பொங்கும். அடுத்த முறை மணல் மட்டத்தில் வாளிக்குப் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு நீரை வெளியேற விட்டுக்கொண்டே சுரண்டினால் பொங்காது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ‘பாய்மங்கள்’ என்ற பாடம் இருக்கிறது. இதைச் செய்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தின் சூத்திரம் புதிதாக இருக்காது, தான் கண்டதைச் சுருக்கி எழுதியதாகத்தான் இருக்கும்.

சுரங்கத்தைப் பார்க்க முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். வாளிச் சோதனைக்குப் பிறகுதான் கூட்டிப்போவேன். முன்னால் போனால் மண்ணை அள்ளும் அந்தப் பிரம்மாண்டமான சக்கர எந்திரம் எல்லாக் கண்களையும் இழுத்துவிடும். வாளியைச் சுரண்டிய பிள்ளைகளோ “பம்பு எங்க சார் இருக்கு?” என்று தேடுவார்கள்.

அங்கே அறிவியலோடு வாழ்க்கையும் சேர்ந்துகொள்கிறது. 1956-இல் தொடங்கிய சுரங்க நிறுவனம் இந்த வட்டாரத்துக்குச் சம்பளம் தந்தது. இங்குள்ள நிலத்தையும் எடுத்தது. 2023 ஜூலையில் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் எந்திரம் இறங்கியதைப் பிள்ளைகள் செய்தியில் பார்த்தவர்கள். சுரங்கத்தில் வேலை பார்ப்பவரின் மகனும் நிலம் கொடுத்தவரின் மகளும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். இரண்டு பேரும் பேசட்டும். அவரவர் ஊர்க் கிணற்றில் பெரியவர் ஒருவர் துணையோடு நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து வரட்டும். எண்களைப் பலகையில் எழுதியபின் நடக்கும் வாதத்தில் சத்தம் குறைந்து பொருள் கூடுவதைக் கண்டிருக்கிறேன்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கும் இதே முறைதான். படகில் ஒரு சுற்று, போட்டோ, சாப்பாடு என்றால் அரைநாளில் தீர்ந்துவிடும். “இந்த மரங்கள் உப்பை என்ன செய்கின்றன?” என்ற ஒரே கேள்வியோடு போங்கள். வெண்கண்டல் இலையில் உப்புப் படிந்திருக்கும்; நாக்கில் வைத்துப் பார்க்கலாம். சுரபுன்னை இலையில் அப்படி இருக்காது, ஏனென்றால் அது வேரிலேயே பெரும்பாலான உப்பைத் தடுத்துவிடுகிறது. தில்லை மரத்தை மட்டும் தொடவிடக் கூடாது. அதன் பால் கண்ணைக் கெடுக்கும்.

பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாத வேலை எவ்வளவோ இருக்கிறது. நான் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, மாதவிடாய் நேரத்துப் பிள்ளைக்கு வசதி என்ன, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்க வேண்டும். ஏரியில் எவரும் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கயிற்றோடு கரையில் நிற்பார். இதிலெல்லாம் கவனம் இருந்தால்தான் பெற்றோர் அடுத்த முறையும் நம்பி அனுப்புவார்கள்.

திரும்பி வந்த மறுநாள் வகுப்பு, பயணத்துக்குச் சமம். ஒரே இடத்து ஆழத்தை இரண்டு ஜோடிகள் வேறுவேறாக எழுதியிருக்கும். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மதகருகே நீரோட்டம் கல்லை இழுத்ததா, கயிறு சாய்ந்ததா என்று அவர்களே பேசி, அடுத்த பயணத்தில் கனமான கல் கட்டுவார்கள். அடுத்த பயணம் என்று ஒன்று இருப்பதால்தான் இந்தத் திருத்தம் நடக்கிறது.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் இதே வழியைக் காட்டி வருகிறது: சிறு குழு, சொந்த ஊரின் சிக்கல், கூட ஓர் ஆசிரியர். 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. ஒன்பதுக்கும் பத்துக்கும் வந்ததும் தேர்வு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு. அதுவும் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

ஆண்டுக்கொருமுறை தொலைதூரச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். சைக்கிளிலோ டவுன் பஸ்ஸிலோ போகக்கூடிய ஏரிக்கு அவர்களும் வரலாம். பருவத்துக்கு ஒரு அரைநாளைக் கால அட்டவணையிலேயே இதற்கென்று எழுதிவிட வேண்டும் என்று எங்கள் துறையிடம் கேட்கிறேன். ஒவ்வொரு பள்ளிக்கும் பக்கத்தில் ஏரியோ, ஓடையோ, தறிக்கூடமோ, முந்திரித் தோப்போ இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மூன்று பருவத்திலும் அங்கேயே போங்கள்.