இரண்டு மருந்து எதற்கு?

"ஒரு மருந்து பத்தாதாய்யா?" மருத்துவமனை நடைபாதையில் அம்மா கேட்டார். அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். உயிர்வேதியியல் பயிலும் எனக்குப் பதில் தெரியும்; தமிழில் சொல்லத்தான் வரவில்லை.

அன்றிரவு விடுதி அறையில் எழுதிப் பார்த்தேன். உயிரணுவுக்குள் கைனேஸ் என்னும் நொதிகள் ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றித் தட்டி எழுப்புகின்றன. ராஃப் மெக்கை எழுப்பும். மெக் எர்க்கை எழுப்பும். 'பெருகு' என்னும் செய்தி உட்கருவைச் சேரும். எர்க் அத்தோடு நிற்பதில்லை. 'போதும்' என்று தனக்கு மேலுள்ளவற்றையும் அடக்கி வைக்கிறது.

அப்பாவின் கட்டியில் பி-ராஃப் பழுதாகி, ஓயாமல் விழித்திருக்கிறது. அதை மட்டும் மருந்தால் முடக்கினால் எர்க் சோரும். அதன் பிடியும் தளரும். உடனே உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள இ.ஜி.எப்.ஆர். என்னும் கைனேஸ் தலைதூக்கி, வேறு வழியில் செய்தியை அனுப்பிவிடும். 2012இல் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தனர். ஆகவேதான் இரண்டையும் சேர்த்தே அடக்குகிறார்கள்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். சற்று யோசித்தார்.

"முன்வாசல மட்டும் அடைச்சா பின்வாசல் தொறந்துக்கும். அதானே?"

"அதேதாம்மா."

நோய் முற்றாகத் தீரும் என்று நான் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஆனால், இரண்டாவது மருந்துச் சீட்டை அன்று அவர் கை நடுங்காமல் வாங்கினார்.