நைட் ஷிப்ட் முடிந்து ஏறிய மலை

மியூனிக்கிலிருந்து டெகர்ன்சே ஏரிக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அங்கிருந்து பஸ் பிடித்து ஷார்லிங் என்ற சிற்றூரில் இறங்கினால், ஹிர்ஷ்பெர்க் மலைக்குப் பாதை தொடங்கிவிடும். உயரம் ஏறக்குறைய 1,670 மீட்டர். ஆல்ப்ஸ் மலைகளுக்கு அது திண்ணை மாதிரி. கோடையில் குழந்தை குட்டிகளோடு நடந்து ஏறுகிறார்கள். பனிக்காலத்தில் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டே ஏறுகிறார்கள். பலகையின் அடியில் ஒரு ரோமப்பட்டை ஒட்டியிருக்கும். ரோமம் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால் பலகை முன்னால் நகரும், பின்னால் வழுக்காது. உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் ஏறிய மலையைச் சில நிமிடங்களில் சறுக்கி இறங்கிவிடுவார்கள். பார்க்கப் பார்க்க அழகு.

போன தை மாதம் உடன் வேலை செய்பவர்கள் என்னையும் கூட்டிப் போனார்கள். எனக்குச் சறுக்கத் தெரியாது. பனியில் மெல்ல நடந்து ஏறினேன். மேலே நின்று மூச்சு வாங்கும்போது ஒருவர் கேட்டார், “உங்கள் ஊரில் இப்படி மலை உண்டா?” உண்டு என்றேன். அதற்கு மேல் குரல் எழவில்லை.

என் ஊர் புதுவாயல். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையில், பெரியபாளையத்துக்குச் சாலை பிரியும் இடம். நெல்வயல், செங்கல் சூளை, லாரிகள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள். தட்டையான பூமி. எங்களுக்கு மேடு என்றால் ஆரணியாற்றின் கரைதான். ஆனால் மழை கழுவிவிட்ட காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து மாதர்பாக்கம் சாலையில் போனால், சத்தியவேட்டுக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு எழும்பும். அதுதான் எங்கள் மலை. சென்னைக்காரர்களுக்கு அது ‘தடா பால்ஸ்’. அங்கே இருப்பவர்களுக்கு உப்பலமடுகு. சித்துலய்யா கோனா என்றும் சொல்வார்கள்.

சிப்காட்டில் வேலை பார்த்த வருடங்களில், சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் நாலு பேர் வீட்டுக்குப் போகாமல் நேராக வண்டியைத் திருப்புவோம். காக்கிச் சட்டையில் கிரீஸ் காயாமல் இருக்கும். சத்தியவேட்டில் டீ. “என்னணா, மலைக்கா?” என்று தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டபடியே கடைக்காரர் பாய்லரைத் திறப்பார். வரதையபாளையம் தாண்டி வனத்துறை கேட்டில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் ஓடை கூடவே வரும். பாதை என்று தனியாக ஒன்றுமில்லை, ஓடைதான் பாதை. யானைக்குட்டி அளவுக்கு உருண்ட பாறைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். இரவெல்லாம் இயந்திரத்தின் முன் நின்று மரத்துப்போன கால், முதல் மடுவில் இறங்கியதும் உயிர் பெறும். அந்தக் குளிர் கணுக்காலிலிருந்து ஏறி நெற்றிக்கு வருவதை இங்கே உட்கார்ந்தும் என்னால் உணர முடிகிறது. பாறை மேல் மல்லாந்து படுத்தால் அங்கேயே தூங்கிப்போவோம். அப்படி ஒரு தூக்கம் எந்த மெத்தையிலும் எனக்கு வாய்த்ததில்லை.

சீத்தாப்பழக் காலத்தில் வழியோரம் ஒரு அம்மா கூடை வைத்திருப்பார். “நைனா, மேல தண்ணி ஜாஸ்தி, பாத்துப் போங்க” என்பார். அந்த வார்த்தையை மீறி நாங்கள் ஒருமுறைகூட மேலே போனதில்லை. சிவராத்திரிக்கு உள்ளே இருக்கும் சித்தேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நடப்பார்கள். அன்று மட்டும் நாங்கள் போக மாட்டோம். அன்றைக்கு மலை சாமிக்குரியது.

மலை ஆந்திரத்தில் இருக்கிறது, நாங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறோம். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. தண்ணீருக்கு அந்தக் கணக்கு கிடையாது. அதே மலைக்கூட்டத்தில் நாகலாபுரம் பக்கச் சரிவில் விழும் மழை ஆரணியாற்றில் இறங்கி, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக எங்கள் ஊர்ப் பக்கம் வந்து, பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டில் கலக்கிறது. சின்ன வயதில் நான் நீச்சல் பழகியது மலைத்தண்ணீரில்தான் என்பது மலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஹிர்ஷ்பெர்க்கில் குறை சொல்ல எதுவுமில்லை. வழிகாட்டிப் பலகை உண்டு, சூடாக சூப் கிடைக்கும், ஒரு காகிதத் துண்டு கீழே கிடக்காது. அதைப் பார்க்கும்போதுதான் மனசு கனக்கிறது. கடைசியாக நான் உப்பலமடுகு போனபோது, நாங்கள் காலை நனைக்கும் அந்த முதல் மடுவில் உடைந்த பீர் பாட்டில் கிடந்தது. கூட வந்த மச்சான் துண்டுகளைப் பொறுக்கித் தன் டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துவந்தான். சென்னையிலிருந்து போகிறவர்களே, கண்ணாடிப் பாட்டிலை மட்டும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். அங்கே செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போன வாரம் அம்மா போனில் சொன்னாள்: “பிச்சாட்டூர்ல அணையத் தொறந்துட்டாங்களாம், நம்ம ஆத்துல தண்ணி வந்துடுச்சு.” மச்சான் இப்போதும் அதே ஷிப்டில்தான் இருக்கிறான். அடுத்த ஐப்பசிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.