ஆறு மணிக்கு

அக்டோபர் 15, 2023, ஞாயிறு

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி நாலாம் நாள். பறவை பார்க்க வல்லநாட்டுக்குப் போகாத ஞாயிறு. சொட்டு மருந்து விட்டுவிட்டுப் புறவாசலுக்குப் போனால், துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பறவை ஒடுங்கிக் கிடக்கிறது. முதுகு பச்சை. கண்ணோரம் மை தீட்டினாற்போல் கறுப்புப் பட்டை. அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்ல ஒரு துளி.

ஆறுமணிக் குருவி! விடியலிலும் அந்தியிலும் ஆறு மணிவாக்கில் கூவுவதால் வந்த பெயர். பதினோரு வருஷமாக நான் தேடுகிற பறவை.

காக்கா பார்ப்பதற்குள் துண்டைப் போட்டு எடுத்தேன். கனமே இல்லை. துண்டுக்குள் நெஞ்சு படபடத்தது விரலில் தெரிந்தது. செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு இருட்டறையில் வைத்திருக்கிறேன். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கேயும் இலங்கைக்கும் வருகிற இனம். களைத்துப்போனால் ஊருக்குள், வீட்டுக்குள் என்று எங்கேயும் விழும். இங்கே விழுந்திருக்கிறது, நான் வீட்டில் இருந்த ஞாயிறாகப் பார்த்து.

அக்டோபர் 16

விடிந்ததும் டப்பாவைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு சிறகில் நீலமும் வெள்ளையும் பளிச்சிட, பக்கத்துக் காம்பவுண்டு வேப்பமரங்களுக்குள் போய்விட்டது. படம் எடுக்கத் தோன்றவே இல்லை.

அக்டோபர் 29

வல்லநாடு. இல்லை.

நவம்பர் 5

வல்லநாடு. 1987-இல் வெளிமானுக்காகச் சரணாலயம் ஆன குன்று. ஓரத்து உடைமரத்தடிகளில் ஐந்தே முக்காலிலிருந்து உட்கார்ந்திருந்தேன். சின்னான்கள் வந்தன, தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தது. அது வரவில்லை.

உப்பளத்துப் பூநாரையைப் பார்க்க யாருக்கும் அதிர்ஷ்டம் வேண்டாம். நிற்கிறது, தெரிகிறது. புதருக்குள் நடக்கிற சின்னப் பறவைகள் அப்படியல்ல. எங்கள் ஆபீஸில் ஒரு பையன், முதல்முதலாக பைனாகுலரைத் தொட்ட அன்றைக்கே ஆறுமணிக் குருவியைப் பார்த்தான். அன்று அவனை வாழ்த்த எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

நவம்பர் 19

அப்பா தானாகப் பேசினார். 1961 சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. அப்போது அவருக்குப் பத்து வயசு. அதற்குப் பிறகு எங்கள் ஊர்க் கடலில் சலாபமே நடக்கவில்லை. தாத்தா குளியாளி. கல்லில் காலை வைத்து இறங்கி, மூச்சு தாங்குகிறவரை சிப்பியை அள்ளி, கயிற்றை ஆட்டினால் மேலே இழுப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, மீதி சர்க்காருக்கு. அதைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அள்ளியவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது.

தாத்தாவின் பங்கை அழுகவிட்டு அலசும்போது அப்பாவும் அத்தையும் தொட்டியோரம் உட்கார்ந்து கசடைத் தடவுவார்களாம். அந்த நாற்றத்தை இப்போதும் சொல்லும்போது மூக்கைச் சுளிக்கிறார். தடவியதெல்லாம் மணல்.

"ஒருநா மட்டும் கெடச்சுதுல. கடுகவிடக் கொஞ்சம் பெருசு. தேடும்போது இல்ல. தொட்டியக் கழுவி ஊத்திட்டு நிக்கேன், காலுல ஒட்டிக் கெடக்கு."

"அப்புறம் என்னாச்சுப்பா?"

"அரிசியாச்சு."

டிசம்பர் 10

வல்லநாடு. மழை. பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 19

மூன்றாம் நாளாகக் கரண்ட் இல்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்கிறது ரேடியோ. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் கிட்டத்தட்ட 800 பேர். ஒரு பறவையை நினைக்கிற நேரமா இது? ஆனாலும் மாடியிலிருந்து அந்தக் காம்பவுண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் நடந்து, சருகைப் புரட்டித் தின்கிற பறவை. அங்கே தரையே இல்லை.

அப்பா சொன்னார்: "அந்த விசிலு சத்தம் ரெண்டு நாளாக் கேக்கலியே."

"எந்த விசிலு?"

"சாயந்தரம் ஆறு மணிக்கு ரெண்டு இழுப்பா அடிக்குமே. கண்ணக் கட்டிக் கெடந்தப்ப அத வச்சித்தாம்ல மணி பாத்தேன்."

துறைமுக வேலை முடிந்து நான் வீடு வரும்போது ஏழரை ஆகிவிடும்.

டிசம்பர் 20

தண்ணீர் அப்படியே நிற்கிறது.

டிசம்பர் 27

வடிந்துவிட்டது. வேப்பமரத்தடியெல்லாம் சேறு, நடுவில் எங்கிருந்தோ வந்த ஒரு பிளாஸ்டிக் குடம். லீவு போட்டேன். ஐந்தரைக்கே புறவாசலில் இரண்டு நாற்காலி. அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு அடித்தது, ஒன்றுமில்லை. ஆறு ஐந்துக்கு அவர் சட்டென்று கையைத் தூக்கினார்.

"கேட்டுதா?"

அந்த நேரம் பார்த்துத் தெருவில் டேங்கர் லாரி போனது. எனக்குக் கேட்கவில்லை. ஏழு மணிவரை இருவரும் பேசாமல் இருந்தோம்.

நாளைக்கும் லீவு சொல்லியிருக்கிறேன்.